1958 மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டுக்குச் சாமான் தேடுகிறேன், கட்டுப்படியாகிற வழி உண்டா?

உட்லண்ட்ஸ்_மோரிஸ்:

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷக் கடைசியில் ஒரு பெரியவரிடமிருந்து 1958 மோரிஸ் ஆக்ஸ்ஃபர்ட் சீரீஸ் 3 வாங்கினேன். சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் இருக்கிற வண்டி, வருஷத்துக்கு 45 நாள் ஓட்டலாம். எனக்கு அதுவே தாராளம். தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தபோது அவருடைய மேலதிகாரி இதே மாதிரி வண்டியில்தான் வருவாராம். சின்னப் பையனாக அதன் பானெட்டில் முகம் பார்த்ததை அப்பா இன்னும் சொல்வார். அவருக்கு இப்போது 74. அவரை முன் சீட்டில் உட்காரவைத்து செம்பவாங் பூங்கா வரை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகணும்.

வண்டி ஓடுகிறது. ஆனால் முன் சக்கர பிரேக் சிலிண்டர்கள் கசிகின்றன. வாட்டர் பம்ப் கரகரவென்று சத்தம் போடுகிறது. கதவு ரப்பர் எல்லாம் கல்லாகிவிட்டது. எஸ்யூ கார்ப்பரேட்டரில் த்ராட்டில் ஷாஃப்ட் ஆடுகிறது, ஐடிலிங் நிலையாக இல்லை. ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டினேன், "இதுக்கெல்லாம் சாமான் கிடையாது, ஜப்பான் இன்ஜின் தூக்கி வெச்சிடலாம்" என்றார்கள். இங்கிலாந்தில் ஒரு கடையில் விலை கேட்டால், சாமான் விலையைவிட அனுப்புகிற கூலி அதிகம். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், மாதம் 300 வெள்ளிக்கு மேல் இதற்கு ஒதுக்க முடியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

---

தெம்பனிஸ்காரன்:

ஜேபிக்கு, அதான் ஜொகூர் பாருவுக்குப் போங்க. ஹாஃப் கட் கடைகள் வரிசையா இருக்கு. என் 1988 வண்டிக்குக் கதவு, கியர்பாக்ஸ், டேஷ்போர்டு எல்லாம் ஒரே சனிக்கிழமையில வாங்கினேன்.

---

பழைய_சாவி:

தம்பி, முதலில் இன்ஜினை மாற்றாதீர்கள். மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். அந்த இன்ஜின்தான் உங்களுக்குச் சாமான் கிடைப்பதற்கே வழி என்பது இன்னொரு பக்கம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊரில் ஏன் கிடைப்பதில்லை என்பதை முதலில் பார்ப்போம். 1990ல் சிஓஇ, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான பத்து வருஷ உரிமைச் சான்றிதழ், வந்தது. பத்து வருஷம் முடிந்ததும் பெரும்பாலான வண்டிகள் உடைக்கப்படும், இல்லை என்றால் கப்பலேறும். பழைய வண்டி துருப்பிடித்துக் கிடக்கிற பட்டறை இங்கே கிடையாது, ஏனென்றால் பழைய வண்டியே கிடையாது. வண்டி இணைக்கிற தொழிலும் 1980லேயே ஓய்ந்துவிட்டது, புக்கிட் தீமா ஃபோர்டு ஆலை அந்த வருஷம்தான் மூடியது. சுங்கை ரோடு சந்தையில் நான் லூகாஸ் கம்பெனி விளக்குகளைப் பொறுக்கி எடுத்திருக்கிறேன். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அதுவும் போயிற்று.

ஆகவே "மோரிஸ் ஆக்ஸ்ஃபர்ட் சாமான் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். எந்தக் கடையிலும் இல்லை என்பார்கள், அது உண்மையும்கூட. சாமானைக் கழற்றிக் கழுவி, வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, அளவை எழுதிக்கொண்டு போங்கள். பேரிங்குக்கு வண்டியின் பெயர் தெரியாது. 6205 என்று போட்டிருந்தால் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மி.மீ. உலகத்தில் யார் செய்தாலும் அதே அளவு. கார் சாமான் என்று கேட்டால் ஒரு விலை, ஜாலான் புசார் பக்கத்துப் பேரிங் கடையில் நம்பர் சொல்லிக் கேட்டால் வேறு விலை. ஆயில் சீலும் அப்படித்தான்: உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு, இந்த மூன்றும் போதும்.

ஒன்று மட்டும் கவனம். ஆங்கிலேய வண்டியில் இன்ச் பேரிங்குகள் வரும். 25 மி.மீ.யும் 25.4 மி.மீ.யும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஷாஃப்டில் ஏற்றினால்தான் வித்தியாசம் புரியும். அடித்து ஏற்றி ஷாஃப்டைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கதவு ரப்பரை மீட்டர் கணக்கில் விற்பார்கள். பழையதில் இரண்டு அங்குலம் வெட்டி எடுத்துப்போய், வெட்டிய முகத்தைக் காட்டுங்கள். அதே வடிவம் இல்லாவிட்டாலும் கிட்டத்தில் ஒன்று கிடைக்கும்.

---

ஈசூன்_சென்னைக்காரன்:

அண்ணே, படத்தைப் பார்த்ததும் நெஞ்சு துள்ளிடுச்சு. இது எங்க ஊரு அம்பாசிடர்ணே! ஆக்ஸ்ஃபர்ட் சீரீஸ் 3தான் இந்தியாவுக்கு வந்து அம்பாசிடர் ஆனது. 1950களின் கடைசியில ஆரம்பிச்சு 2014 வரைக்கும் கொல்கத்தா பக்கத்துல உத்தரபாராவுல செஞ்சாங்க. எங்க பெரியப்பா மதுரையில அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினார். முன்னால டார்ஷன் பார், பின்னால லீஃப் ஸ்பிரிங், ஸ்டீயரிங் பக்கத்துல கியர், எல்லாமே உங்க வண்டிதான்.

சென்னையில புதுப்பேட்டைன்னு ஒரு இடம். ரெண்டு பக்கமும் பழைய இரும்பு, நடுவுல மனுஷன் நடக்க மட்டும் வழி. ஒரு கடையில பம்பர், அடுத்த கடையில கதவு, அதுக்கடுத்த கடையில வெறும் ஹெட்லைட் வளையம். புது சாமான் வேணும்னா ஜி.பி. ரோடு. சொந்தக்காரங்க யாராவது ஊர்ல இருந்தா ஒரு நாள் அனுப்பிப் பாருங்க. நீங்க இங்கிலாந்துல கேட்ட விலையோட ஒப்பிட்டா அசந்துடுவீங்க.

---

உட்லண்ட்ஸ்_மோரிஸ்:

தம்பி, இது எனக்குத் தெரியவே தெரியாது! சித்தப்பா ஒருவர் தாம்பரத்தில் இருக்கிறார். ஆனால் என் வண்டி 1958, அவர்கள் 2014 வரை செய்தது அப்படியே பொருந்துமா?

---

பழைய_சாவி:

நான் பிறகு சொல்கிறேன் என்றது இதைத்தான். சென்னைத் தம்பி முந்திக்கொண்டார், நல்லது.

உங்கள் இன்ஜின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த பி சீரீஸ், 1489 சிசி. அம்பாசிடரிலும் 1959 முதல் அதே இன்ஜின்தான், 1990களின் தொடக்கத்தில் இசுசு 1800 வரும்வரை அதை நம்பித்தான் அந்த வண்டி ஓடியது. ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், வூல்ஸ்லி 1500, எம்ஜிஏ, எம்ஜிபி எல்லாம் இதே குடும்பம். எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் அதற்கு இன்றும் இங்கிலாந்தில் கேஸ்கட் முதல் கேம்ஷாஃப்ட் வரை செய்கிறார்கள். நீங்கள் மோரிஸ் என்று தேடினால் பத்து சாமான் வரும், எம்ஜி என்று தேடினால் ஆயிரம் வரும். ஜப்பான் இன்ஜின் போட்டிருந்தால் இந்த உறவெல்லாம் அறுந்துபோயிருக்கும்.

ஆனால் அண்ணன் தம்பி என்றாலும் சட்டை அளவு ஒன்றாக இருக்காது. வாட்டர் பம்பில் ஷாஃப்ட் நீளமும் புல்லியும் வண்டிக்கு வண்டி மாறும். பழைய பம்பைக் கழற்றி, புல்லி முகத்திலிருந்து கேஸ்கட் முகம் வரை எத்தனை மி.மீ. என்று அளந்து, ஸ்கேலோடு சேர்த்துப் படமெடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்புங்கள். மின்சாரச் சாமான் வாங்கும்போது இன்னும் எச்சரிக்கை. உங்கள் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டி உடம்போடு சேரும் எர்த். ஆல்டர்னேட்டர் வந்த பிறகான அம்பாசிடரில் நெகட்டிவ் எர்த். தெரியாமல் மாட்டினால் புகைதான் மிஞ்சும்.

இன்னொன்று. இன்ஜின் பின்பக்கம் எண்ணெய் சொட்டுகிறதே என்று பயப்படாதீர்கள். அந்த மூன்று பேரிங் இன்ஜினில் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயைத் திருப்பி அனுப்பும் மரை மாதிரி ஒரு வெட்டு மட்டும்தான். நிறுத்திய இடத்தில் இரண்டு சொட்டு விழுவது இயல்பு. அதற்காக இன்ஜினை இறக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

---

தெம்பனிஸ்காரன்:

இந்தியா வரைக்கும் எதுக்கு? ஜேபி பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே.

---

ஸ்கூடாய்_மெக்கானிக்:

நான் ஜேபிலதான் இருக்கேன், 19 வருஷமா காடி ரிப்பேர் வேலை. அண்ணன் சொல்ற ஹாஃப் கட் கடையில வர்றது ஜப்பான்ல பாதியா வெட்டிக் கண்டெய்னர்ல ஏத்தின காடி. 80, 90களின் ஜப்பான் காடிக்குத் தங்கம் மாதிரி. ஆனா 1958 மோரிஸ் அங்க வராது. அலைஞ்சு பெட்ரோல் காசுதான் போகும்.

மலேசியாவுல இங்கிலீஷ் காடிக்குத் தேடணும்னா சின்ன ஊருக்குப் போங்க. குளுவாங், பத்து பகாட், மூவார் பக்கம் அப்பா காலத்துலேர்ந்து நடத்துற பட்டறைகள் இருக்கு. எஸ்டேட்ல கணக்கு எழுதுற கிராணிகளும் வாத்தியாருங்களும் மோரிஸ், ஆஸ்டின் ஓட்டின காலத்துல வாங்கிப்போட்ட சாமான் சிலர்கிட்ட இன்னும் டப்பாவுல தூங்குது. போன் போட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. நேர்ல போய் உட்கார்ந்து, தே தாரிக் குடிச்சு, காடி படத்தைக் காட்டினாத்தான் மாடி அறையைத் திறப்பாங்க. ஒரு தடவை போய்க் கிடைக்கலன்னு விட்டுடாதீங்க.

திரும்பி வரும்போது மறைக்காதீங்க. 48 மணி நேரத்துக்குள்ள திரும்பினா 100 வெள்ளி வரைக்கும்தான் வரி விலக்கு. அதுக்கு மேல உள்ளதுக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்டிடுங்க. ரசீது கேட்டு வாங்குங்க, பழைய கடைக்காரங்க எழுதித் தரமாட்டாங்க, நாமதான் கேட்கணும்.

---

சிவப்பு_கொரோல்லா:

உங்கள் வண்டிக்கு நேரடியாக உதவாது, ஆனால் இதே வழியில் நான் போனதால் எழுதுகிறேன். என்னுடையது கொரோல்லா கேஇ70, 4கே இன்ஜின். வாட்டர் பம்ப், கேஸ்கட் செட், கிளட்ச் தேடி ஆறு மாதம் அலைந்தேன். கொரோல்லாவுக்கு என்று கேட்டபோதெல்லாம் அரிய பொருள் விலை சொன்னார்கள். பிறகு ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: இந்தோனேசியாவில் டொயோட்டா கிஜாங் வண்டி இதே கே இன்ஜினில்தான் ஓடியது. 1977ல் 3கே, பிறகு 4கே, 5கே, கடைசியில் 7கே. அங்கே அது கிராமத்துச் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வண்டி, சாமான் மலிவு. ஃபோர்க்லிஃப்டில்கூட 5கே இன்ஜின் உண்டு. என் கேஸ்கட் செட் கிஜாங் பெயரில் வந்தது, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஃபோர்க்லிஃப்ட் சாமான் விற்கும் கடையிலிருந்து வந்தது.

டட்சன் 1200 வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். அந்தக் கார் 1970களில் நின்றுவிட்டாலும் அதன் பிக்கப் தென்னாப்பிரிக்காவில் 2008 வரை செய்யப்பட்டது. பீட்டில் என்றால் மெக்சிகோவில் 2003 வரை. மோரிஸ் மைனருக்கு 1990களில் இலங்கையிலேயே தகடு அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். நம் வண்டி செத்த பிறகும் எந்த நாட்டில் அது பிழைப்புக்காக ஓடியது என்று தேடுங்கள். பிழைப்புக்கு ஓடிய இடத்தில் சாமான் மலிவாகத்தான் இருக்கும்.

கூலி விஷயத்தில் ஒரு யோசனை. கனமானதைப் பக்கத்து நாட்டில் வாங்குங்கள், லேசானதை மட்டும் இங்கிலாந்திலிருந்து எடுங்கள். எஸ்யூ கார்ப்பரேட்டர் ரிப்பேர் கிட் ஒரு கவரில் வந்துவிடும். சாமான் விலை 500 வெள்ளி, கூலி 200 வெள்ளி என்றால் 700க்கும் சேர்த்துத்தான் 9 விழுக்காடு, அதாவது 63 வெள்ளி வரி. கார் உதிரிச் சாமானுக்குச் சுங்கவரி தனியாகக் கிடையாது, அதுவரை நிம்மதி. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைக்கிறோம். கூலி நாலாகப் பிரிகிறது.

---

உட்லண்ட்ஸ்_மோரிஸ்:

எல்லாருக்கும் நன்றி. பம்பைக் கழற்றி அளந்துவிட்டேன், சித்தப்பாவுக்குப் படம் போயிருக்கிறது. பிரேக் பற்றி ஒரு கேள்வி. இணைய ஏலத்தில் பழைய காலத்துப் பெட்டி பிரிக்காத வீல் சிலிண்டர்கள் பார்த்தேன், விலையும் மலிவு. பிரேக் ஷூவும் சேர்த்துத் தருகிறார். எடுத்துவிடலாமா?

---

தெம்பனிஸ்காரன்:

எடுங்க. கம்பெனி ஒரிஜினல், பெட்டி பிரிக்கல, வேற என்ன வேணும்?

---

பழைய_சாவி:

இந்த இடத்தில் நான் கடுமையாகத்தான் பேசுவேன். பெட்டி பிரிக்காதது என்றால் இரும்புக்கு நல்லது, ரப்பருக்கு இல்லை. அறுபது வருஷம் பெட்டியில் இருந்த ரப்பர் கப் வெளியில் புதிதாகத் தெரியும், அழுத்தம் பட்டதும் பிளக்கும். சிலிண்டரை வாங்கலாம். ஆனால் உள்ளே இருக்கிற ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்று செய்த கிட் போட வேண்டும். துளையில் துருப் புள்ளி இருந்தால் அதையும் வாங்க வேண்டாம்.

உங்களிடம் இருக்கிற சிலிண்டரையே காப்பாற்ற வழி உண்டு. கடைசல் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் (உள்குழாய்) ஏற்றி, பழைய அளவுக்கே ஹோன் செய்து வழவழப்பாக்கலாம். பிரேக் வேலை தெரிந்த பட்டறையாக இருக்க வேண்டும், வெறும் லேத் இருந்தால் போதாது. புதுச் சிலிண்டரைவிடச் சில சமயம் செலவு கூடும், ஆனால் மறுபடி துருப்பிடிக்காது.

அந்த ஷூவை வாங்கவே வேண்டாம். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். இப்போது உங்கள் வண்டியில் இருப்பதிலும் இருக்கலாம். டிரம்மைத் திறந்தால் காற்று பிடித்து ஊதாதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி வையுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். உங்கள் ஷூ இரும்பு நன்றாக இருந்தால், அதிலேயே புது லைனிங் ஒட்டித் தருகிற இடத்தில் கொடுங்கள்.

மற்ற எல்லாவற்றிலும் காசு மிச்சம் பிடியுங்கள், விளக்குக் கண்ணாடி பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. மிச்சம் பிடித்த காசு முழுவதும் பிரேக்குக்குப் போகட்டும். அப்பாவைத்தானே உட்காரவைக்கப் போகிறீர்கள்.

---

தெம்பனிஸ்காரன்:

அண்ணே, ஆஸ்பெஸ்டாஸ் விஷயம் எனக்குத் தெரியாது. நான் சொன்னது தப்பு, திருத்திக்கிறேன். என் வண்டிக்கும் பழைய ஸ்டாக் ஷூ ஒரு செட் வெச்சிருக்கேன், போடமாட்டேன்.

---

ஈசூன்_சென்னைக்காரன்:

புதுப்பேட்டையிலும் பிரேக் சாமான் மட்டும் லூஸா இருக்கறதை எடுக்காதீங்கண்ணே. ஒரே டப்பாவுல நாலு கம்பெனி சாமான் கலந்திருக்கும். சீல் வெச்ச பாக்கெட்ல கம்பெனி பேரோட வந்தா மட்டும் எடுக்கச் சொல்லுங்க. சித்தப்பா விமானத்துல கொண்டுவர்றதா இருந்தா இன்னொரு விஷயம்: பழைய பெட்ரோல் பம்ப், கார்ப்பரேட்டர் இதுலெல்லாம் பெட்ரோல் வாடை இருந்தா பெட்டியை நிறுத்திடுவாங்க. சுத்தமாக் கழுவிக் காயவெச்சாலும் கேள்வி வரலாம். அதை எல்லாம் தவிர்த்துட்டு, புது சாமானை மட்டும் ரசீதோட கொண்டுவரச் சொல்லுங்க.

---

சிவப்பு_கொரோல்லா:

ஹெட்டை எப்போதாவது கழற்றினால் வால்வ் சீட்டையும் பார்த்துவிடுங்கள். உங்கள் இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது, ஈயம் இல்லாவிட்டால் அந்தச் சீட் தேயும். 1998லிருந்து சிங்கப்பூரில் ஈயப் பெட்ரோல் கிடையாது. மெதுவாக, வருஷம் 45 நாள் ஓட்டினால் உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் ஹெட் எப்படியும் பட்டறைக்குப் போகிறது என்றால் எக்ஸாஸ்ட் பக்கத்துக்குக் கடினமான சீட் வளையம் போடச் சொல்லுங்கள். அதற்காக மட்டும் இப்போது கழற்ற வேண்டாம்.

---

உட்லண்ட்ஸ்_மோரிஸ்:

நாலு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சித்தப்பா புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்திருக்கிறார். முதல் நாள் பம்ப் கிடைக்கவில்லை. கிடைத்த மூன்றும் ஷாஃப்ட் நீளம். இரண்டாம் நாள் ஒரு கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது முதல்ல வந்த மார்க் 1 அம்பாசிடர் அளவு, அண்ணன் வீட்டுல இருக்கும்" என்று ஆள் அனுப்பி எடுத்துத் தந்தாராம். அளவு மி.மீ. சுத்தமாகப் பொருந்தியது. அளந்து அனுப்பச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த மூன்றில் ஒன்றைத்தான் வாங்கி வந்திருப்பார்.

பிரேக் சிலிண்டர்களுக்கு ஸ்லீவ் ஏற்றிவிட்டேன். இரண்டு மாதக் காசு அதற்கே போனது. ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டியாயிற்று. கார்ப்பரேட்டர் கிட், கேஸ்கட் எல்லாம் சிவப்பு_கொரோல்லா அக்காவின் பெட்டியோடு சேர்ந்து வந்தது, என் பங்குக் கூலி 31 வெள்ளி. கதவு ரப்பர் இன்னும் இரண்டு கதவுக்கு பாக்கி. பின்விளக்குக் கண்ணாடி உடைந்தபடியே இருந்தால் இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கும் என்பதால் அதற்குத்தான் அடுத்து மூவார் போகிறேன். ஸ்கூடாய் அண்ணன் கூட வருகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாவை ஏற்றிக்கொண்டு செம்பவாங் பூங்கா போனேன். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. இறங்கியதும் முதல் வேலையாக பானெட்டைக் கைக்குட்டையால் துடைத்தார்.

எம்ஜிஏ, எம்ஜிபி, கேம்பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு: சித்தப்பா வால்வ் கவர் கேஸ்கட் ஐந்து வாங்கி வந்துவிட்டார், பி சீரீஸ் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. எனக்கு ஒன்று போதும். வேண்டுபவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் தேக்கா சந்தைக்கு வாருங்கள், காசு வேண்டாம்.